பையன் பேராட்டம் இருக்குதுங்களா? பெண் குழந்தைக்குப் பொதுப்பெயர் தேடும் கொங்குப் பெற்றோருக்கு ஒரு முழு வழிகாட்டி

கோவை, திருப்பூர், ஈரோடு என்று எந்த ஊர் மழலையர் பள்ளிக்குப் போனாலும் வருகைப் பதிவேட்டில் ஷிகா, திகா, ஸ்ரீ, னிதா என்று முடியும் பெயர்கள் வரிசைகட்டி நிற்கும். ஒவ்வொன்றையும் வைத்த பெற்றோர் "இந்தப் பேர் யாருக்கும் இருக்காது" என்று நம்பித்தான் வைத்திருப்பார்கள். அந்த வரிசையில் நிற்க மனமில்லாத பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். பெயரைக் கேட்டதும் ஆணா பெண்ணா என்று தெரியக்கூடாது, தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கவும் கூடாது, ஆனால் அம்மிச்சி வாயில் சிரமமில்லாமல் நுழைய வேண்டும். மூன்றும் சேர்ந்து கிடைக்கும். அதற்கு இணையத்தில் சுற்றும் பெயர்ப் பட்டியல்களைவிட உங்கள் வீட்டுப் பழைய கல்யாணப் பத்திரிகைகளும் மொய் நோட்டுகளும் அதிகம் உதவும் என்பது என் கட்சி.

எதற்காக என்று முதலில் நீங்கள் இருவரும் பேசுங்கள்

பெயரைத் தேடுவதற்கு முன் காரணத்தைப் பேசி முடித்துவிட வேண்டும். ஏனென்றால் பெயரைச் சொன்ன அடுத்த நிமிடம் வீட்டில் வரப்போகும் கேள்வி ஒன்றுதான்: "பையன் வேணும்னு ஆசைப்பட்டீங்களாக்கும்?" இதை வெறும் கிண்டலாகத் தள்ளிவிட முடியாது. பெண் சிசுக்கொலையைத் தடுக்கத் தொட்டில் குழந்தைத் திட்டத்தை 1992-ல் முதலில் தொடங்கியது பக்கத்துச் சேலத்தில். அந்தக் காலத்தைப் பார்த்த பெரியவர்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். பெண் குழந்தைக்குப் பையன் சாயலில் பெயர் என்றால் அவர்கள் மனதில் ஓடுவது ஏமாற்றம் என்ற எண்ணம்தான்.

ஆகவே உங்கள் பதில் தயாராக இருக்கட்டும். "பேரை வெச்சு யாரும் அவளை எடை போடக்கூடாதுங்க" என்பது போதுமான பதில். "பேர் அழகாக இருந்தது, அவ்வளவுதான்" என்பதும் நல்ல பதில்தான். உள்ளுக்குள் உண்மையிலேயே பையன் ஆசை இருந்து, அதைப் பெயரில் தீர்த்துக்கொள்ளப் பார்த்தால் மட்டும் நிறுத்திக்கொள்ளுங்கள். அந்தச் சுமையைக் குழந்தை தூக்க வேண்டியதில்லை.

இன்னொன்று, அவசரம் வேண்டாம். பிறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்துவிட வேண்டும். ஆனால் பெயர் இல்லாமலே பதிவு செய்யலாம், ஆஸ்பத்திரிப் பிரசவம் என்றால் அவர்களே அனுப்பிவிடுவார்கள். பெயரைச் சேர்க்க 12 மாதம் வரை கட்டணமில்லை, அதற்குப் பிறகு 15 வயது வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். டிஸ்சார்ஜ் அன்றே பெயர் சொல்லியாக வேண்டும் என்று யார் அவசரப்படுத்தினாலும் பதறாதீர்கள்.

தமிழ்ப் பெயரில் பால் எங்கே ஒட்டியிருக்கிறது

இதுதான் முக்கியமான வேலை, மற்றதெல்லாம் இதற்கு அடுத்துத்தான்.

நம் ஊர்ப் பழைய பெயர்களை ஒரு தாளில் இரண்டு வரிசையாக எழுதிப் பாருங்கள். ஒரு பக்கம் பழனிச்சாமி, சென்னியப்பன், மாரிமுத்து, மருதாசலம், பொன்னுசாமி, ராமசாமி. இன்னொரு பக்கம் பழனியம்மாள், சென்னியம்மாள், மாரியம்மாள், மருதாயி, பொன்னாத்தாள், ராமாத்தாள். இரண்டு பக்கத்திலும் முன்பாதி ஏறக்குறைய ஒன்றேதான். ஆணா பெண்ணா என்று சொல்வது பின்னால் ஒட்டிய வால்: சாமி, அப்பன் என்றால் ஆண், அம்மாள், ஆத்தாள் என்றால் பெண். வாலை வெட்டுங்கள். பழனி, சென்னி, மாரி, மருது, பொன் என்று கையில் நிற்பவை எல்லாம் பொதுப்பெயர்கள். தெய்வத்தின் பெயரும் ஊரின் பெயரும் அப்படியே இருக்கின்றன, தாத்தா பாட்டி இருவருமே அதற்குள் இருக்கிறார்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது சென்னி. சென்னிமலை முருகன் கோவில் நம் ஆட்களுக்குத் தெரியும், சென்னி என்றால் தலை, உச்சி என்ற பொருளும் உண்டு, சோழ மன்னர்களின் பட்டப்பெயராகவும் இருந்திருக்கிறது. ஒரு பெண் குழந்தைக்கு இவ்வளவு கம்பீரமாகவும் இவ்வளவு சின்னதாகவும் பெயர் கிடைப்பது அரிது. போனில் சொன்னால் "சென்னையா?" என்று கேட்பார்கள், அது ஒன்றுதான் குறை.

வெட்டவே தேவையில்லாத பெயர்களும் உண்டு. மணி, முத்து, தங்கம், ராஜாமணி, தங்கமணி இவை எல்லாம் இங்கே இரண்டு பக்கமும் புழங்கியவை. தங்கமணி என்ற பெயரில் குமாரபாளையத்தில் ஓர் ஆண் சட்டமன்ற உறுப்பினராகி அமைச்சராகவும் இருந்திருக்கிறார். அதே பெயரில் நம் சொந்தத்தில் ஒரு அத்தையோ சித்தியோ கட்டாயம் இருப்பார். யாரும் இதை விசித்திரமாக நினைத்ததில்லை. பால் தெரியாத பெயர் வைப்பது மேல்நாட்டு வழக்கம் என்று வாதிடும் மாமாவுக்குச் சொல்ல இந்த ஓர் உதாரணம் போதும்.

இலக்கண வாத்தியார் யாராவது வீட்டில் இருந்தால் அவருக்கும் ஒரு பதில் இருக்கிறது. தொல்காப்பியத்தின் பெயரியல் இருபாலுக்கும் பொதுவாக வரும் இயற்பெயர்களைப் பேசுகிறது. உரைகாரர்கள் அதற்குக் கொடுத்த எடுத்துக்காட்டு கோதை: கோதை வந்தான், கோதை வந்தாள். இது ஏட்டோடு நின்ற பேச்சும் இல்லை. கரூரில் அமராவதி ஆற்றுப் படுகையில் கிடைத்த சேரர் நாணயங்களில் மாக்கோதை, குட்டுவன் கோதை என்ற மன்னர் பெயர்கள் பொறித்திருக்கின்றன. அதே பெயர்தான் ஆண்டாளுக்கும். இன்று கோதை என்றால் எல்லோருக்கும் ஆண்டாள் நினைவு வருவதால் அது பெண் பக்கம் சாய்ந்துவிட்டது. கவின் என்பதற்கு அழகு என்றுதான் பொருள், அது இப்போது பையன் பக்கம் சாய்ந்துவிட்டது. பெயரின் பால் தலைமுறைக்குத் தலைமுறை நகரும். இன்று நடுவில் நிற்கும் பெயர் உங்கள் மகள் கல்லூரிக்குப் போகும்போதும் நடுவிலேயே நிற்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது, அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளவும் வேண்டாம்.

விகுதியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அன், ஆன் என்று முடிந்தால் ஆண் என்பது உறுதி. ஆனால் இகரத்தில் முடிந்தால் பெண் என்பது உறுதி இல்லை. பாரி, காரி, கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி எல்லோரும் ஆண்கள்தான். அதனால் ஓரி என்பதைப் பெண்ணுக்கு வைத்தால் காதுக்கு உறுத்தாது, வரலாறு தெரிந்தவர் புருவத்தை மட்டும் உயர்த்துவார்.

மலை, ஆறு, மரம், பொழுது

இரண்டாவது கிடங்கு நம் நிலம். விகுதி சேராத இயற்கைப் பெயர்ச்சொல் எதுவானாலும் இலக்கணப்படி அஃறிணை, ஆகவே ஆணுமில்லை பெண்ணுமில்லை. முகில், சுடர், கதிர், எழில், மகிழ், தமிழ், யாழ், இசை, பொழில், விடியல் போன்றவை ஏற்கெனவே புழக்கத்துக்கு வந்துவிட்டன. துப்பாக்கிச் சுடுதலில் இந்தியாவுக்காக ஒலிம்பிக் போன இளவேனில் வாலறிவனின் பெயர் இந்த வகைதான். அந்தப் பெயரில் ஒரு பையன் இருந்தாலும் பொருந்தும். ஆனால் இந்தக் கிடங்கிலும் மேல்தட்டில் இருப்பதை எல்லோரும் எடுத்துவிட்டார்கள். யாழ் என்று வைத்துவிட்டு வகுப்பில் பார்த்தால் யாழினி, யாழிசை, யாழ்மொழி என்று சுற்றிலும் யாழ்தான். கொஞ்சம் கீழே கைவிட்டுத் துழாவ வேண்டும்.

வாகை நல்ல பெயர். மரம், பூ, வெற்றி மூன்றும் அதில் உண்டு. வேங்கை இன்னும் துணிச்சலானது, மரமும் அதுதான் புலியும் அதுதான். தும்பை மெல்லியது, ஆனால் போர்ப்பூ. மேற்குப் பக்க மானாவாரிக் காடுகளில் விளைந்த தானியங்களில் தினை மட்டும் பெயராகத் தேறும், கம்பையும் வரகையும் குழந்தை மேல் ஏற்ற வேண்டாம். மாரி மழையும் ஆகும் அம்மனும் ஆகும்.

ஆறுகளில் பவானியும் அமராவதியும் முழுக்கப் பெண் பெயர்கள் ஆகிவிட்டன. அமராவதியின் பழைய பெயர் ஆன்பொருநை. பொருநை என்று சுருக்கினால் அருமையாக இருக்கும், ஆனால் கேட்கிறவர் திருநெல்வேலியா என்பார், இப்போது அந்தப் பெயர் தாமிரபரணிக்குப் போய்விட்டது. நொய்யல் என்று வைக்க ஆசைப்படுகிறவர்களையும் பார்க்கிறேன். வெள்ளியங்கிரியில் பிறந்து கோவையையும் திருப்பூரையும் கடந்து காவிரியில் சேரும் ஆறு, கரையில் கொடுமணல் போன்ற இரண்டாயிரம் ஆண்டுப் பழைய ஊர். எண்ணம் உயர்ந்ததுதான். ஆனால் திருப்பூரில் நொய்யல் என்றால் முதலில் நினைவுக்கு வருவது சாயத் தண்ணீர். அதற்குக் காஞ்சி என்றொரு பழைய பெயர் உண்டு, பேரூர்த் தலபுராணம் காஞ்சி மாநதி என்கிறது. அதை வைத்தால் பட்டுச்சேலை எடுக்கப் போன நினைவு வரும். இரண்டில் எது பரவாயில்லை என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

சில பெயர்கள் வரலாற்றில் நன்றாக இருந்து காதில் கெட்டுப்போகும். கொல்லி மலையின் பெயர்தான், ஆனால் கொள்ளி என்றுதான் கேட்கும். கோனி கோவையின் காவல் தெய்வம், ஆனால் கோணிப்பை முந்திக்கொள்ளும்.

சாதகக்காரர் எழுத்து கொடுத்தால்

பெரும்பாலான வீடுகளில் நட்சத்திரப் பாதத்துக்கு ஏற்ற முதலெழுத்து வந்துவிடும். சில நட்சத்திரங்கள் நமக்குச் சாதகம். மகம் என்றால் ம, மி, மு, மே: மகிழ், முகில், முத்து, மணி. மிருகசீரிடம் என்றால் வே, வோ, க, கி: வேங்கை, வேனில், கதிர். அசுவினிக்கு சு உண்டு, அங்கே சுடர் காத்திருக்கிறது. சுவாதியில் த வந்தால் தமிழ், தழல்.

பரணியில் மாட்டிக்கொண்டால் சிரமம்தான். லி, லு, லே, லோ என்பார்கள். தமிழ்ச்சொல் எதுவும் ல-வில் தொடங்காது, அதனால்தான் பரணிக் குழந்தைகளுக்கு லிஷா, லித்திகா, லோக்‌ஷனா என்று எங்கிருந்தோ பெயர் கொண்டுவர வேண்டியிருக்கிறது. இதற்குப் பழைய வழி ஒன்று உண்டு: சாதகத்துக்கு ஒரு பெயர், சான்றிதழுக்கு ஒரு பெயர். பெயர் சூட்டும் அன்று காதில் மூன்று முறை சொல்வதற்குச் சாதகப் பெயரை வைத்துக்கொள்ளலாம். சாதகக்காரருக்கும் திருப்தி, உங்களுக்கும் திருப்தி.

எண் கணிதம் வேறு விஷயம். அது ஆங்கில எழுத்துகளை எண்ணி இன்னொரு ஏ, இன்னொரு எச் சேர்க்கச் சொல்லும். சேர்த்த எழுத்து குழந்தை வாழ்நாள் முழுக்க ஒவ்வொரு கவுண்டரிலும் "டபுள் ஏ சார்" என்று சொல்ல வைக்கும். எனக்கு அதில் நம்பிக்கையும் இல்லை, பொறுமையும் இல்லை.

வாயில் போட்டு மென்று பாருங்கள்

நாலைந்து பெயர்கள் தேறியதும் சில நாள் அவற்றை வீட்டில் புழங்க விடுங்கள். வாசலில் நின்று தோட்டத்து மூலை வரை கேட்கும்படி கத்திக் கூப்பிட்டுப் பார்ப்பது முதல் சோதனை. மெய்யெழுத்தில் முடியும் பெயரோடு பேச்சில் ஓர் உகரம் ஒட்டிக்கொள்ளும்: முகிலு, சுடரு, எளிலு. அந்த வடிவத்திலும் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள், ஏனென்றால் பாதி நேரம் அப்படித்தான் கூப்பிடப் போகிறார்கள். ழகரம் வீட்டுப் பேச்சில் ளகரம் ஆகிவிடும். யாழ் யாளு ஆவதும், தமிழ் தமிளு ஆவதும் உங்களுக்கு வருத்தம் தராது என்றால் சரி. தரும் என்றால் இப்போதே விலகிக்கொள்ளுங்கள், யாரையும் நீங்கள் திருத்தப் போவதில்லை.

ஆங்கிலத்தில் எழுதிப் பார்ப்பது அடுத்தது. ழ-வுக்கு இசட்-எச் போட்டால் பெங்களூரில் "எசில்" என்பார்கள். வான் என்பதை அப்படியே எழுதினால் வேன் என்று படிப்பார்கள். வாகையும் மணியும் மாரியும் எங்கே போனாலும் அதிகம் சிதையாமல் தப்பிக்கும்.

அப்புறம் பள்ளிக்கூடச் சோதனை. அறிவு என்ற பெயருக்குத் தினமும் ஒரு முறை "உனக்கு அறிவு இருக்கா?" வரும். ஒளி என்றால் கண்ணாமூச்சி ஆட்டத்தில் தொல்லை. இனிசியலோடு சேர்த்துப் படிக்க மறக்காதீர்கள். அப்பா சுப்பிரமணி, மகள் மாரி என்றால் பதிவேட்டில் சு. மாரி. சுமாரான பெயர் என்று முதல் நாளே சொல்லிவிடுவார்கள்.

பெயர் எவ்வளவு பொதுவாக இருந்தாலும் தமிழில் வினைமுற்று காட்டிக்கொடுத்துவிடும், வந்தான் வந்தாள் என்று சொல்லித்தானே ஆக வேண்டும். ஆனால் கொங்குப் பேச்சுக்கு ஒரு வசதி உண்டு. "கதிரு வந்துட்டாங்க, சுடரு சாப்ட்டாங்களா" என்று மரியாதையிலேயே பேச்சு ஓடும்போது ஆண் பெண் தெரியவே தெரியாது.

பெரியவர்களிடம் கொண்டுபோவது

முதல் குழந்தைக்கு அப்பா வழிப் பெயர், அடுத்ததற்கு அம்மா வழி என்று பல வீடுகளில் இன்னும் ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கை உடைக்காமல் பயன்படுத்திக்கொள்வது புத்திசாலித்தனம். ஆத்தா பெயர் பழனியம்மாள் என்றால் பழனி என்று வையுங்கள். அப்பாரு பெயர் மாரிமுத்து என்றால் மாரி. பெயர் விட்டுப்போகவில்லை, பாதிதான் குறைந்திருக்கிறது. மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது என்று பேத்தியைப் "பாப்பாத்தி" என்றே கூப்பிட்டு வளர்த்த வீடுகள் இங்கே நிறைய. அந்தச் சங்கடமும் பாதிப் பெயரில் பாதி தீரும்.

சொல்லும் இடமும் முக்கியம். பெயர் சூட்டும் நாளில், கூட்டத்துக்கு நடுவில், திடீரென்று அறிவித்தால் எதிர்ப்பு கூட்டமாக வரும். முன்னாலேயே ஒவ்வொருவரிடமும் தனியாகப் போய்ச் சொல்லுங்கள், முதலில் அதிகம் முறைப்பார் என்று நினைக்கும் ஆளிடமே. பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகும்:

"ஏனுங்க மாப்ள, அம்மணிக்கு என்ன பேர் வெக்கறதா இருக்கறீங்க?"

"சென்னின்னு நெனச்சிருக்கோமுங்க மாமா."

"பையன் பேராட்டம் இருக்குதுங்களே?"

"நம்ம சென்னிமலையானுதுங்க மாமா. உங்க அம்மா பேரும் சென்னியம்மாதானுங்களே."

அதற்கு மேல் அவரால் பேச முடியாது. அவருடைய அம்மா பெயரை அவரே எதிர்ப்பாரா?

குலதெய்வக் கோவிலில் மொட்டையடித்துக் காது குத்தும்போது அம்மன் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்று கேட்டால் தாராளமாக ஒத்துக்கொள்ளுங்கள். எப்படியும் வீட்டில் அவள் கண்ணு, சாமி, தங்கம், அம்மணிதான். சான்றிதழில் ஏறுகிற பெயரைப் பற்றி மட்டும் உறுதியாக இருந்தால் போதும்.

வித்தியாசமான பெயர் வைப்பது இந்த மண்ணுக்குப் புதிதா என்று கேட்டால், ஈரோட்டுக்காரரான பெரியாரையும் கோவை மில் தொழிலாளர் வீடுகளில் வளர்ந்த லெனின்களையும் ஜீவாக்களையும் நினைவுபடுத்தலாம். 1929-ல் செங்கல்பட்டுச் சுயமரியாதை மாநாடு சாதிப்பட்டத்தைத் துறக்கச் சொன்னது. பெயருக்குப் பின்னால் எதுவும் ஒட்டாமல் இனிசியலோடு நிறுத்தும் பழக்கம் தமிழ்நாட்டில் இவ்வளவு ஊன்றியதில் அந்த இயக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. பொதுப்பெயருக்கு அது வசதி.

காகித வேலை

பிறப்பைப் பதிவு செய்த அதே அலுவலகத்தில் பெயர் சேர்க்க விண்ணப்பம் கொடுங்கள். தமிழ் எழுத்து, ஆங்கில எழுத்து இரண்டையும் பெரிதாக எழுதிக் கொண்டுபோய்க் கொடுப்பது நல்லது. சொல்லிக் கேட்டு எழுதினால் மகிழ் மகில் ஆகிவிடும். ஒருமுறை பதிவேட்டில் ஏறிய பெயரைப் பிறகு முழுதாக மாற்றுவது எளிதில்லை, அரசிதழ் வரை போக வேண்டியிருக்கும். 2023 அக்டோபர் 1 அல்லது அதற்குப் பிறகு பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கு ஆதாரம் இந்தப் பிறப்புச் சான்றிதழ்தான். ஆகவே அச்சாகி வந்ததும் எழுத்தெழுத்தாகப் படியுங்கள்.

பொதுப்பெயருக்கென்றே ஒரு தனித் தொல்லை உண்டு: பாலினக் கட்டம். தட்டச்சு செய்கிறவர் பெயரைப் பார்த்துவிட்டு ஆண் என்று குறித்துவிட வாய்ப்பு அதிகம். பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, ஆதார், பள்ளிச் சேர்க்கைப் படிவம் எதுவானாலும் பெயரைச் சரிபார்க்கும் அதே நேரத்தில் அந்தக் கட்டத்தையும் பாருங்கள். ஐந்து வயதுக்குள் எடுக்கும் ஆதாருக்குக் கைரேகையோ கண்ணோ எடுப்பதில்லை, எழுதிக் கொடுப்பதுதான் ஏறும். மையத்தில் திரையை உங்கள் பக்கம் திருப்பிக் காட்டச் சொல்லிப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். பின்னாளில் ரயில் டிக்கெட் எடுத்துக் கொடுக்கும் சொந்தக்காரரிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.

கடைசியாக இனிசியல். அப்பா பெயர், அம்மா பெயர், இரண்டும் என்று எதை வேண்டுமானாலும் வைக்கலாம். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் பெற்றோரில் ஒருவர் பெயரைக் கொடுத்தாலும் போதும். ஆனால் ஒற்றைச் சொல்லாகப் பெயரை மட்டும் போட்டு, குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். தனிப்பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டுகளுக்கு வருகை விசா தருவதில் ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் கட்டுப்பாடு கொண்டுவந்தபோது ஒற்றைப் பெயர்க்காரர்கள் பாடு சங்கடமானது. திருப்பூர்ப் பக்கம் ஏற்றுமதி வேலையில் துபாய் போய்வராத குடும்பம் குறைவு. இனிசியலை விரித்துப் பெற்றோர் பெயரை அந்தக் கட்டத்தில் முழுதாக எழுதிவிடுங்கள், பள்ளிப் பதிவிலும் அதே விரிவு இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.